பழைய டீசல் காருக்குப் புத்துயிர்



ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து தெலுக் இந்தானுக்கும் பாகான் டத்தோவுக்கும் போகும் சாலைகளின் ஓரத்திலே, வீடுகளின் பின்புறத்திலே, தகரக் கொட்டகைகளின் கீழே, பழைய டீசல் கார்கள் சில இன்னமும் நிற்கின்றன. சக்கரத்தில் காற்று இல்லை. மேலே செம்பனைச் சருகு. "எஞ்சின் செத்துவிட்டது" என்று ஒரு சொல்லைச் சொல்லி நிறுத்திவிட்ட வண்டிகள் அவை. அந்தச் சொல் எவ்வளவு தூரம் உண்மை, அதை நாமே சோதித்து அறிய முடியுமா என்பதுதான் இன்றைய பேச்சின் பொருள்.

ஊர் விட்டு ஊர் ஆள் சேர்த்துக்கொண்டு ஓடிய வாடகைக் கார்களை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1960, 70, 80ஆம் ஆண்டுகளிலே அப்படி ஓடியவற்றில் மெர்சிடிஸ் பென்ஸ் டீசல் கார்கள் ஏராளம். 190டி, 200டி, 240டி என்ற எழுத்துகள் பின்பக்கம் பதித்திருக்கும். காலையில் எஞ்சினைத் தட்டிவிட்டால் லோரியைப் போல் கடகடவென்று சத்தம் கேட்கும். வேகம் அதிகம் இல்லை; 1976இல் வெளிவந்த 240டிக்கு 65 குதிரைச் சக்திதான். ஆனால் உழைப்பில் அதற்கு ஈடு சொல்வது கடினம். அத்தகைய எஞ்சின் ஒரே நாளில் உயிர் விடுவது அபூர்வம். பெரும்பாலும் அதற்கு மூச்சு முட்டியிருக்கும், அல்லது பசித்திருக்கும்.

மூச்சு, பசி என்று நாம் சொல்வது வெறும் உவமை அன்று. டீசல் எஞ்சின் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி உண்டாக்க ஸ்பார்க் பிளக் இருக்கிறது. டீசல் எஞ்சினில் அது இல்லை. காற்றை மட்டும் உருளைக்குள் இழுத்து, பிஸ்டன் அதை இருபதில் ஒரு பங்காக நெருக்குகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுகிறதல்லவா? அதே காரணத்தால்தான் இங்கே காற்று ஐந்நூறு டிகிரிக்கு மேல் சூடேறுகிறது. அந்தச் சூட்டிலே டீசலைப் புகைபோல் பீய்ச்சினால், அது தானாகவே பற்றிக்கொள்கிறது.

இந்த முறைக்கு 1893ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றவர் ருடோல்ஃப் டீசல் என்ற ஜெர்மானியப் பொறியாளர். 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் அவருடைய எஞ்சின் வெற்றியாக ஓடியது. 1936இல் மெர்சிடிஸ் நிறுவனம் 260டி என்ற காரில் அதை வைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தது.

ஆகவே டீசல் எஞ்சினுக்கு வேண்டியவை மூன்றே மூன்று: தங்குதடையின்றி வரும் சுத்தமான டீசல், தாராளமான காற்று, காற்றை நெருக்கிச் சூடாக்கும் அழுத்தம். இந்த மூன்றில் எது குறைந்தது என்று கண்டுபிடிப்பதே பழுது பார்க்கும் கலை. கண்டுபிடிக்கும்போது செலவு குறைந்ததை முதலிலும் செலவு மிகுந்ததைக் கடைசியிலும் பார்க்க வேண்டும். பல குடும்பங்களில் இந்த வரிசை தலைகீழாகி, கையிலிருந்த காசு கரைந்துவிடுகிறது.

எங்கள் வட்டாரத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். வாடகைக் கார் ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவரிடம் 200டி ஒன்று இருந்தது. காலையில் எஞ்சின் எளிதில் கிளம்பாது. நெடுநேரம் சுற்றிக் கிளம்பினாலும், வெண்புகை விட்டு நின்றுவிடும். ஒரு பட்டறையில் காட்டினார். எஞ்சின் முடிந்துவிட்டது, ஹாஃப்கட் எஞ்சின் ஒன்று வாங்கி மாற்ற வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை அவர் மகளின் மூன்று மாதச் சம்பளம். அவர் யோசித்தார், வண்டி ஓராண்டு கொட்டகையில் நின்றது. பிறகு பள்ளி விடுமுறையில் நாங்கள் நால்வர் சேர்ந்து வரிசைப்படி பார்த்தோம். குற்றம் இருந்தது எஞ்சினில் அன்று. நோசில்களுக்கு இடையே மீதி டீசலைத் திருப்பிக் கொண்டுபோகும் நூல் சுற்றிய சிறு ரப்பர்க் குழாய்கள் வெடித்திருந்தன. வேண்டியது ஒரு மீட்டர் குழாய்தான்.

வெடித்த குழாய் ஏன் முதலிலேயே தெரியவில்லை என்று கேட்பீர்கள். டீசல் குழாயில் ஏற்படும் மெல்லிய வெடிப்பு வெளியே ஒரு சொட்டும் சிந்தாமல் இருக்கலாம். இரவில் வண்டி நிற்கும்போது அது காற்றை உள்ளே விடும்; குழாயில் நின்ற டீசல் மெல்லத் தாங்கிக்கே திரும்பிவிடும். காலையில் பம்ப் டீசலுக்குப் பதில் காற்றை மெல்லும். காற்று நெருங்கும், டீசலைப்போல் தள்ளாது. ஆகையால் நோசில் பீய்ச்சாது. இதுவே டீசல் காரின் மிகச் சாதாரணமான நோய்.

இதை அறியும் வழி எளிது. நல்ல டீசல் உள்ள சுத்தமான டின் ஒன்றை எஞ்சினைவிடச் சற்று உயரமான இடத்தில் வையுங்கள். தாங்கியிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, டின்னிலிருந்து ஒரு புதுக் குழாயைப் பம்பில் மாட்டுங்கள். எஞ்சின் நன்றாக ஓடினால், குற்றம் தாங்கிக்கும் பம்புக்கும் நடுவிலே. ஓடாவிட்டால், குற்றம் அதற்கு அப்பால். அரை மணி நேர வேலையிலே பாதி வழக்கு தீர்ந்துவிடுகிறது.

குழாயை மாற்றியதும் உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். மெர்சிடிஸ் எஞ்சினில் பம்பின் பக்கத்தில் கையால் அடிக்கும் சிறு பம்ப் உண்டு. அதன் தலையைத் திருகித் தளர்த்தி, டீசல் நிறைந்து கை கனக்கும் வரை அடித்து, மீண்டும் திருகி மூடுங்கள். பிறகு நோசில்களின் குழாய் நட்டுகளைச் சற்றே தளர்த்தி, எஞ்சினைச் சுற்றவிட்டால் முதலில் நுரையும் பின்பு தெளிந்த டீசலும் கசியும். அப்போது நட்டுகளை இறுக்கிவிடலாம்.

இங்கே நம் தோட்டத்து வாழ்வோடு ஒட்டிய செய்தி ஒன்று உண்டு. நம் நாட்டில் போக்குவரத்து டீசலோடு செம்பனை எண்ணெயிலிருந்து செய்த எரிபொருளைக் கலக்கிறார்கள். 2019ஆம் ஆண்டு அந்தக் கலப்பு நூற்றுக்குப் பத்துப் பங்கு ஆயிற்று. அதற்குப் பி10 என்று பெயர். நாம் அறுத்து வண்டியேற்றும் குலைகளின் எண்ணெயில் ஒரு பகுதி இப்படி எஞ்சினுக்கும் போகிறது. இது புதுமையும் அன்று. 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியிலேயே ஒரு டீசல் எஞ்சினை நிலக்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள்.

ஆனால் பழைய கார் வைத்திருப்பவர் இரண்டு காரியங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, இந்த எரிபொருள் தாங்கியில் பல ஆண்டுகளாகப் படிந்த கசடைக் கழுவிக் கிளப்பிவிடும். கசடு வடிகட்டியில் போய் அடைத்துக்கொள்ளும். ஆகவே நீண்ட நாள் நின்ற வண்டிக்குப் புது டீசல் ஊற்றியபின், வடிகட்டியை ஒருமுறை அல்ல, சில வாரங்களில் மறுமுறையும் மாற்ற வேண்டியிருக்கும். இரண்டாவது, பழைய ரப்பர்க் குழாய்களை அது ஊறவைத்துக் கெடுக்கும். இயற்கை ரப்பர் இதற்குத் தாங்காது. நேற்று ரப்பர் மரம் நின்ற மண்ணில் இன்று செம்பனை நிற்கிறது. காருக்குள்ளும் அதே கதைதான்! கடையிலே குழாய் வாங்கும்போது பயோடீசல் தாங்கும் குழாய் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

பால் மரம் வெட்டிய குடும்பத்துக்கு வடிகட்டியின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஸ்டோரிலே பாலைச் சல்லடையில் வடிக்காமல் உறையவிட்டால் ஷீட்டு என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். நோசிலின் துவாரமோ மிகச் சிறியது. ஒரு துளி தண்ணீரும் ஒரு மணல் துகளும் அதற்குப் பகை. நம் ஈரக் காற்றில், பாதி காலியான தாங்கிக்குள் தண்ணீர் வியர்த்துச் சேரும். அந்தத் தண்ணீரில் கிருமிகள் வளர்ந்து சேறுபோல் படியும். தாங்கியின் அடியைக் கழற்றிக் கழுவி, அங்குள்ள சல்லடையையும் துலக்கிவிடுங்கள். வண்டியை நிறுத்திவைப்பதானால் தாங்கி நிறைந்திருக்கட்டும். சமையலுக்குப் பயன்பட்ட எண்ணெயை நேரே ஊற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது தடிப்பானது, நோசிலில் கரியாகப் படியும்.

டீசல் சரியாக வந்தும் குளிர்ந்த எஞ்சின் கிளம்பவில்லை என்றால், அடுத்துப் பார்க்க வேண்டியது சூடேற்றும் பிளக். குளோ பிளக் என்றும் ஹீட்டர் பிளக் என்றும் சொல்வார்கள். நம் நாட்டு வெயிலுக்கு அது எதற்கு என்று நினைக்கக் கூடாது. இந்த வகை எஞ்சினுக்கு எந்த நாட்டிலும் அது வேண்டும். 1980ஆம் ஆண்டு வாக்கிற்கு முந்திய மெர்சிடிஸ் கார்களில் நான்கு பிளக்குகளும் ஒரே கம்பியில் சங்கிலிபோல் கோத்திருக்கும்; ஒன்று எரிந்துபோனால் நான்கும் வேலை செய்யா. பிந்தியவற்றில் ஒவ்வொன்றும் தனித்தனி. தனித்தனியானவற்றைச் சோதிக்க 12 வோல்ட் பல்பு ஒன்று போதும். பிளக்கின் வயரைக் கழற்றுங்கள். பல்பின் ஒரு கம்பியைப் பேட்டரியின் நேர்முனையிலும், மறு கம்பியைப் பிளக்கின் தலையிலும் வையுங்கள். பல்பு எரிந்தால் பிளக்கின் உள்கம்பி அறவில்லை. எரியாவிட்டால் பிளக் போய்விட்டது.

மூன்றாவதாக அழுத்தம். இதற்கு முன் வால்வுகளின் இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும். மேலே சொன்ன 200டி, 240டி எஞ்சின்களில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, காற்று உள்ளே வரும் வால்வுக்கு 0.10 மில்லிமீட்டர், புகை வெளியேறும் வால்வுக்கு 0.30 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். அந்த இடைவெளி இறுகிவிட்டால் வால்வு முழுதும் மூடாது. நெருக்கிய காற்று ஒழுகிவிடும். எஞ்சின் தேய்ந்துவிட்டது என்றே பார்ப்பவர் நினைப்பார். ஃபீலர் கேஜ் என்ற தகட்டுக் கட்டால் அளந்து சரிசெய்யலாம். பட்டையை மட்டும் சீவி, மரத்தின் கட்டையில் உளி படாமல் நிறுத்திய கைகள் நம் வீடுகளில் இருக்கின்றன. அந்தக் கைக்கு இந்த அளவு பெரிதன்று.

வால்வைச் சரிசெய்த பிறகும் சந்தேகம் இருந்தால், பட்டறையில் அழுத்தமானி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சூடான நல்ல எஞ்சினில் ஒவ்வோர் உருளையிலும் 22 முதல் 24 பார் வரை காட்டும். பதினைந்துக்குக் கீழே இறங்கினாலோ, உருளைக்கு உருளை 3 பாருக்கு மேல் வேறுபட்டாலோதான் எஞ்சினைப் பிரிக்கும் பேச்சு எழ வேண்டும். "எண் என்ன?" என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவன்று. நல்ல பொமன் அந்தக் கேள்வியை வரவேற்பார்.

புகையும் நமக்குப் பாடம் சொல்லும். கரும்புகை வந்தால் காற்று போதவில்லை, அல்லது நோசில் சரியாகப் பீய்ச்சவில்லை. முதலில் காற்று வடிகட்டியைப் பாருங்கள். கிளம்பும்போது மட்டும் வெண்புகை என்றால் டீசல் எரியாமல் வெளியேறுகிறது. சூடேறிய பின்னும் வெண்புகை நிற்காமல் ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால், ஹெட் கேஸ்கட் போயிருக்கக்கூடும். நீலப்புகை என்றால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது.

இனி, ஆண்டுக்கணக்கில் நின்ற காரை எழுப்பும் முறை. முதல் நாள் சாவியைத் தொடாதீர்கள். காருக்கு அடியில் தரைத் தகடும் ஜாக் வைக்கும் இடங்களும் துருப்பிடித்து உதிர்கின்றனவா என்று குத்திப் பாருங்கள். உடல் உளுத்த வண்டிக்கு நல்ல எஞ்சின் இருந்தும் பயனில்லை. அடுத்து, எஞ்சின் எண்ணெயையும் அதன் வடிகட்டியையும் மாற்றுங்கள். பிறகு ஸ்பானர் போட்டு எஞ்சினைக் கையாலேயே அது ஓடும் திசையில் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். இறுகினால் வலிந்து திருப்பக் கூடாது. தண்ணீர்க் குழாய்கள், பெல்ட்டு, பேட்டரி ஆகியவற்றைப் பார்த்த பின்தான் ஸ்டார்ட்டர். எஞ்சின் ஓடிவிட்டது என்ற மகிழ்ச்சியில் உடனே சாலைக்குப் போகாதீர்கள். பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும். பழையதை முழுதும் மாற்றி, பிரேக்கைச் சோதித்த பிறகே வண்டி வாசலைத் தாண்ட வேண்டும்.

எதுவரை நம் கை, எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் அறிவுதான். நோசிலிலிருந்து டீசல் நூறு பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் பாய்கிறது. அந்தப் பாய்ச்சலின் முன் விரலை வைத்தால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் ஊசி குத்தியதுபோல்தான் தெரியும். அலட்சியம் செய்தால் விரலையே இழக்க நேரலாம். அவ்வாறு நேர்ந்தால் அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆகவே டீசல் பம்பையும் நோசிலையும் பிரிப்பது அதற்கென்று கருவி உள்ள பட்டறையின் வேலை. வெறும் ஜாக்கை நம்பிக் காருக்கு அடியில் ஒருபோதும் படுக்காதீர்கள். இரும்புத் தாங்கிகள் வேண்டும். சாவியைத் திருப்பியும் எஞ்சின் நிற்காவிட்டால் பதற வேண்டாம். இந்த மெர்சிடிஸ் எஞ்சின்களின் மேல் ஸ்டாப் என்று எழுதிய நெம்பு ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் நிற்கும். எஞ்சின் தன் எண்ணெயையே குடித்து வெறிபிடித்து ஓடினால், காற்று போகும் வாயைப் பலகையால் மூடுங்கள். கையால் மூடாதீர்கள்.

வடித்த பழைய எண்ணெயை வடிகாலில் ஊற்றாமலிருப்பதும் நம் கடமை. நம் பகுதியில் வடிகால்கள் பெர்ணம் ஆற்றில் போய்ச் சேர்கின்றன. அந்த ஆற்றையும் கடலையும் நம்பி மீனும் இறாலும் பிடிப்பவர்கள் நம் அண்டை வீட்டார். டின்னில் சேர்த்து, கழிவெண்ணெய் வாங்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

எல்லாப் பழைய காரையும் எழுப்பத்தான் வேண்டுமா? வேண்டியதில்லை. 2024ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் தீபகற்ப மலேசியாவில் டீசலுக்கான பொது உதவித்தொகை நீக்கப்பட்டு, லிட்டர் 2 ரிங்கிட் 15 காசிலிருந்து 3 ரிங்கிட் 35 காசுக்கு ஏறியது. டீசல் மலிவு என்ற பழைய கணக்கு அன்றோடு முடிந்தது. சாலை வரி நீண்ட நாள் கட்டாத வண்டியானால், ஜேபிஜே அலுவலகத்தில் முதலில் விசாரித்துவிட்டுச் செலவைத் தொடங்குங்கள். வேறு எஞ்சின் மாற்றினால் அதன் எண்ணைப் பதிவு செய்தே ஆகவேண்டும். ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, எந்த நாளில் எதைக் கழற்றினோம், எதை மாற்றினோம், எவ்வளவு ஆயிற்று என்று எழுதி வாருங்கள். சில உறுப்புகள் கெடாய் போத்தோங் என்று நாம் சொல்லும் பழைய வண்டிக் கடைகளில் கிடைக்கும்; ஆனால் பிரேக்கு சம்பந்தப்பட்டதைப் பழையதாக வாங்கக் கூடாது. கணக்கு கட்டுப்படியாகாவிட்டால் வண்டியை விற்றுவிடலாம். ஆனால் எஞ்சின் செத்தது என்ற ஒரு சொல்லுக்காக விற்க வேண்டாம்; சோதித்து, காரணம் தெரிந்து விற்போம்.

இந்தப் பேச்சைக் கேட்கும் பெற்றோருக்கு ஒரு சொல். பழைய கார் ஒன்று வீட்டில் இருந்தால் அது பிள்ளைகளுக்கு நல்ல பள்ளிக்கூடம். பாடப் புத்தகத்தில் படிக்கும் அழுத்தம், வெப்பம், மில்லிமீட்டர் எல்லாம் அங்கே கைக்கு எட்டும். பெண் பிள்ளைகளையும் கூப்பிட்டு விளக்குப் பிடிக்கச் சொல்வதோடு நில்லாமல், ஸ்பானரையும் கொடுங்கள். அந்தக் காலத்தில் நம் தோட்டங்களில் மாலை வேளையில் லயங்களுக்கு விளக்குக் கொடுத்தது டீசல் எஞ்சின்தான். அதை ஓட்டியும் பழுது பார்த்தும் வந்தவர்கள் நம்மவர்களே. அவர்களிடம் தொழில் இருந்தது. கையில் சான்றிதழ் இல்லை. தோட்டத்தை விட்டுப் பட்டணம் போனபோது அந்தக் குறை அவர்களைக் கூலிக்கே தள்ளிற்று.

இன்று அந்த நிலைக்கு மாற்று உண்டு. தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்து மலேசியத் திறன் சான்றிதழ், அதாவது சிஜில் கெமாஹிரான் மலேசியா, பெறலாம். பட்டறையில் பல ஆண்டு வேலை செய்து தொழில் கற்றவர்கள், பயிற்சி நிலையத்துக்குப் போகாமலே, தங்கள் அனுபவத்துக்கு ஆதாரம் காட்டி அதே சான்றிதழைப் பெறவும் வழி இருக்கிறது. அதற்குப் பிபிடி என்று பெயர். திறன் மேம்பாட்டு இலாகாவில் விசாரிக்கலாம். அப்போது ஆதாரமாகக் கேட்பார்கள்: எந்த வேலையைச் செய்தாய், எப்போது செய்தாய், எப்படிச் செய்தாய்? முன்னே சொன்ன நோட்டுப் புத்தகத்தை இன்றே தொடங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை கொட்டகைப் பக்கம் போய், குழாய்களை ஒவ்வொன்றாக வளைத்துப் பாருங்கள். வெடிப்பு கண்ணில் படலாம்.